யார் மூட்டை?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. நான் இரண்டு முறை படித்தேன். பிறகு என் வீட்டுக்காரருக்கு ஒரு முறை வாசித்துக் காட்டினேன். கும்பகோணத்தில் ஒருவர் இருவர் மிதிக்கும் தன் பழைய டாண்டம் சைக்கிளைப் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கொடுக்கிறேன் என்கிறாராம். உங்கள் கணவருக்கு அதை வாங்கிவிட ஆசை. உங்களுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. "ஐம்பது வயதில் அவருக்குப் பின்னால் மூட்டை மாதிரி உட்கார்ந்து போவதற்குத் தனியாக ஒரு சைக்கிள் எதற்கு? கேரியரே போதுமே!" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 'மூட்டை' என்ற சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. அதே சொல்லை எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். சொன்னவர் என் வீட்டுக்காரர். அதனால் உங்களுக்கு மட்டும் பதில் எழுதி அனுப்பாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவள். 1991-இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்குப் பதினெட்டு வயது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முனைந்தார். சாயங்காலம் வேலை முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடுவோம். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வாடகை சைக்கிளிலேயே கற்றுக்கொண்டோம். அதுவும் நல்லதாகப் போயிற்று. பின்னாளில் பிள்ளையை முன்னால் பாரில் உட்கார வைத்துக்கொண்டு போக முடிந்தது. பொதுவெளியில் கூடி சைக்கிள் ஓட்டிக் காட்டிய பெண்கள் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்த தொண்டர் எப்போது கையை விட்டார் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவர் வெகு தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கல்யாணமான பிறகு சைக்கிள் அவர் கைக்குப் போனது. நான் கேரியரில். டபுள்ஸ் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: ஒருவர் மிதிப்பார், ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிறகு மொபெட் வந்தது, பைக் வந்தது. இருபது வருடம் இப்படிப் போயிற்று.

அவருக்குக் கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் இருப்பது தெரிந்தபோது பாதி சேதம் நடந்து முடிந்திருந்தது. அது பெரும்பாலும் வலியில்லாமல் வரும். முதலில் ஓரப்பார்வையைத்தான் தின்னும். நேரே பார்ப்பது தெளிவாகத் தெரிவதால் ஒன்றும் குறையவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பக்கத்துச் சந்திலிருந்து வந்த ஆட்டை அவர் பார்க்கவே இல்லை. பைக்கோடு விழுந்த பிறகுதான் மருத்துவரிடம் போனோம். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம், இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் ஸ்கூட்டருக்குப் பின்னால் அவர். ஒரு நாள் கடைத்தெருவில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "இனி நான் உனக்கு மூட்டைதான்."

அந்தச் சொல் எனக்குள் தைத்துக்கொண்டது. என்ன பதில் சொல்வது என்று அப்போது தெரியவில்லை.

பதில் கொடைக்கானலில் கிடைத்தது. மகள் எங்களை அங்கே கூட்டிப் போயிருந்தாள். 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் அணை கட்டி உண்டாக்கிய ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சாலை இருக்கிறது. அங்கே வாடகைக்கு நிற்கும் சைக்கிள்களில் இரண்டு சீட் வைத்ததும் உண்டு. "அம்மா முன்னால, அப்பா பின்னால" என்று மகள்தான் சொன்னாள். நாங்கள் அதில் ஏறிப் பத்தடிகூடப் போகவில்லை. வண்டி வளைந்து வளைந்து ஓரத்துப் புல்லில் போய் நின்றது. "நீங்க ஏன் நிறுத்தினீங்க?" என்றேன். "நீதானே நிறுத்தின" என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அது எப்படி என்பதுதான் இந்த வண்டியின் சூட்சுமம்.

டாண்டமில் இரண்டு செயின் உண்டு. வலப்பக்கச் செயின் நம் சைக்கிளில் உள்ளதுபோலப் பின்சக்கரத்துக்குப் போகிறது. இடப்பக்கம் இன்னொரு செயின், முன்னிருப்பவரின் பெடலையும் பின்னிருப்பவரின் பெடலையும் பிணைக்கிறது. இந்தச் செயின் ஓடும் இரண்டு பல்சக்கரத்திலும் பல் எண்ணிக்கை ஒன்றே. அதனால் இருவர் காலும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். நான் மிதிப்பதை நிறுத்தினால் அவர் காலும் நிற்கும். நான் வேகமாக மிதித்தால் அவர் காலை அது இழுத்துக்கொண்டு ஓடும். சொல்லாமல் ஒருவர் எதைச் செய்தாலும் அடுத்தவர் உடம்பில் அது அடியாக விழும். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஆனாலும் அன்றைக்குத்தான் காலில் உணர்ந்தோம்.

இரண்டாம் முறை நான் வாயைத் திறந்து பேசிக்கொண்டே ஓட்டினேன். "மிதிக்கிறேன். நிறுத்துறேன். வளையிறேன்." ஏரியை முழுதாக ஒரு சுற்று வந்தோம். இறங்கும்போது அவர் நெற்றியில் வியர்வை. பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு வியர்வை! அவர் அதைத் துடைக்காமலே கொஞ்ச நேரம் நின்றார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: வாங்குங்கள். உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதது குறையே இல்லை. பின்னிருப்பவர் பாலன்ஸ் பிடிக்க வேண்டியதில்லை. ஹேண்டில்பாரும் பிரேக்கும் முன்னிருப்பவர் கையில். நீங்கள் ஆடாமல் உட்கார்ந்து மிதித்தால் போதும். பாராலிம்பிக் போட்டிகளில் பார்வையற்ற வீரர்கள் ஓட்டுவது டாண்டம்தான். முன்னால் பார்வையுள்ள ஒருவர் இருப்பார். பதக்கம் இருவர் கழுத்திலும் விழும்.

ஆனால் வாங்குவதற்கு முன் இரண்டு பேரும் எங்காவது ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் அந்தக் கும்பகோணத்துக்காரரிடமே ஒரு நாள் கேட்டு வாங்கி, போக்குவரத்து இல்லாத வாய்க்கால் ஓரச் சாலையில் பழகுங்கள். உங்கள் தஞ்சைச் சமவெளி இந்த வண்டிக்கென்றே போட்டது போன்ற நிலம். காற்றைக் கிழிப்பது முன்னிருப்பவர் ஒருவர்தான். மிதிப்பதோ இரண்டு பேர். அதனால் சமதளத்தில் தனி சைக்கிளைவிட எளிதாக வேகம் எடுக்கும். ஏற்றத்தில் மட்டும் மெதுவாகத்தான் போகும். அங்கே இருவர் கனத்தையும் இரும்பின் கனத்தையும் தூக்கியாக வேண்டும், இருவர் காலும் ஒன்றுபோல் இறங்கியாக வேண்டும். இறக்கத்தில் கல் உருண்டதுபோல் ஓடும். அதற்குத்தான் பிரேக்.

விலை குறைந்த வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். நாங்களும் அப்படி ஒன்றைத்தான் வாங்கினோம். திருச்சியில் ஒருவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே தூசு படிந்து கிடந்தது. ஒன்பதாயிரம் ரூபாய். குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இரும்பு ஃபிரேம், ஆறு கியர், 24 கிலோ எடை. இதில் எதுவும் குறையாக எனக்குப் படவில்லை. கனமான ஃபிரேம் கனம்தான், ஆனால் உடையாது. சீட்டும் பிடியும் மட்டமாக இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பெயின்ட் உதிர்ந்திருந்தால் உதிர்ந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மூன்று விஷயத்தில் காசைப் பார்க்காதீர்கள்.

முதலாவது, சக்கரம். நாங்கள் இருவரும் வண்டியும் சேர்ந்தால் ஏறத்தாழ 155 கிலோ. அதில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல். நம் பழைய கறுப்பு சைக்கிளின் பின்சக்கரத்தில் 40 கம்பி இருக்கும். நல்ல டாண்டம் பலவற்றில் 40 அல்லது 48. எங்கள் வண்டியில் 36 தான். முதல் மாதத்திலேயே இரண்டு கம்பி அறுந்தது. எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்து, கோட்டம் எடுத்து, இறுக்கிக் கொடுத்தார். அதன்பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்க் காட்டினோம். இப்போது சக்கரம் நிலைத்துவிட்டது. டயரிலும் காற்று நிறைய வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்த அளவின் மேல் எல்லை வரை அடித்து வையுங்கள்.

இரண்டாவது, பிரேக். பின்பிரேக்குக்கு ஓடும் கேபிள் தனி சைக்கிளில் உள்ளதைவிட மிக நீளம். பழைய வண்டியில் அதன் உள்ளே துரு பிடித்திருக்கும். பிடியை அழுத்தினால் பாதி பலம் துருவிலேயே தீர்ந்துவிடும். வாங்கிய அன்றே கேபிளையும் பிரேக் கட்டைகளையும் புதிதாகப் போடுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும்.

மூன்றாவது, அந்த இடப்பக்கச் செயின். விரலால் அழுத்தினால் கொஞ்சம் ஆட வேண்டும், ஆனால் தொங்கக் கூடாது. தொங்கினால் ஒரு நாள் கழன்று விழும். எங்களுக்கு விழுந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி ஏறும் முறை. இது தெரியாமல்தான் பெரும்பாலானோர் முதல் நாளே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். முன்னிருப்பவர் முதலில் ஏற வேண்டும்; ஏறுவது என்றால் சீட்டில் உட்காருவதில்லை. வண்டியை இரு கால்களுக்கு இடையில் வைத்து, கால்களை நன்றாக அகட்டி, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு தூண்போல நிற்க வேண்டும். கால் அகலாவிட்டால் சுற்றும் பெடல் கெண்டைக்காலில் இடிக்கும். பிறகு பின்னிருப்பவர் ஏறி, சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்து, இரண்டு காலையும் பெடலில் வைக்க வேண்டும். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, முன்னிருப்பவர் மிதிக்கத் தோதான உயரத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பதும் அவர் வேலை. அதன்பிறகு முன்னிருப்பவர் கேட்க வேண்டும்: "போலாமா?" பின்னிருப்பவர் "போலாம்" என்ற பிறகுதான் பிரேக்கை விட வேண்டும். நிற்கும்போது முன்னிருப்பவர் மட்டும் காலை ஊன்றுவார். அவர் இறங்கச் சொல்லும் வரை பின்னிருப்பவரின் கால் பெடலிலேயே இருக்கலாம்.

என் வீட்டுக்காரர் என்னைவிட எட்டுக் கிலோ கூடுதல். அவர் ஏறும்போது வண்டியைத் தாங்கி நிற்பது முதல் வாரம் எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. பலமுள்ளவர் முன்னால் இருப்பதே வழக்கம். எங்களுக்குக் கண் உள்ள இடம்தான் முன்னிடம். இரண்டு வாரத்தில் என் தோளும் தொடையும் பழகிக்கொண்டன.

முன்னால் உட்காரப்போகும் உங்கள் கணவருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஐயா, உங்கள் மனைவியின் கண்ணுக்கு முன்னால் இருப்பது உங்கள் முதுகு. சாலை தெரியாது. பள்ளம் வருவது தெரியாது. வேகத்தடை வருவது தெரியாது. தெரிந்தால் கொஞ்சம் எழும்பி அதிர்வைக் காலில் வாங்கிக்கொள்வார். தெரியாவிட்டால் முதுகெலும்பில் வாங்குவார். அதனால் "பள்ளம்", "தடை", "கியர் மாத்தறேன்", "நிறுத்தறேன்" என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்ல மறந்தால் தவறு உங்களுடையது. டாண்டம் ஓட்டுபவர்களிடையே ஒரு பழைய விதி உண்டு: பின்னிருப்பவர் தவறே செய்வதில்லை. முன்னிருப்பவரிடம் ஹேண்டில்பார், பிரேக், கியர், பார்வை எல்லாமே இருப்பதால் வந்த விதி அது. அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருப்பவர் பதில் சொல்லும் பொறுப்பையும் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று: வண்டி நீளம். தனி சைக்கிளில் சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். இதில் ஏறத்தாழ 1.7 மீட்டர். தெருமுனையில் அகலமாக வளையுங்கள். பின்னால் ஒருவர் இருக்கிறார் என்பதை வளைவில்தான் பலர் மறந்துபோகிறார்கள்.

டாண்டம் என்ற சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு 'கடைசியில்', 'ஒருவழியாக' என்று பொருள். ஒன்றன்பின் ஒன்றாக, நீளவாக்கில் குதிரை பூட்டிய வண்டியை ஆங்கிலேயர் வேடிக்கையாக அப்படி அழைத்தார்கள். அது பின்னர் சைக்கிளுக்கு வந்தது. இதைப் படித்தபோது 'ஒருவழியாக' என்ற நம் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பாடுபட்டு முடிந்ததையும் அப்படிச் சொல்கிறோம். இருவர் ஒரே வழியாகப் போவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

எங்கள் தெருவில் முதல் நாள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெண் முன்னால், ஆண் பின்னால். 1992-இல் தனியாக சைக்கிளில் போனபோது கேட்ட பேச்சு சில என் காதில் மறுபடி விழுந்தது. டீக்கடையில் ஒரு பெரியவர், கெட்ட எண்ணம் இல்லாமல்தான், "என்ன தம்பி, பொம்பளை ஓட்ட நீங்க உக்காந்து வர்றீங்க?" என்றார். என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து இறங்கி, குனிந்து, அந்த இடப்பக்கச் செயினை அவருக்குக் காட்டினார். இது எங்கே போகிறது, யார் கால் எதைச் சுற்றுகிறது என்று ஐந்து நிமிடம் விளக்கினார். "நானும்தாங்க மிதிக்கிறேன்" என்று முடித்தார். கண் கெட்ட பிறகு ஓர் ஆளிடம் அவர் அவ்வளவு நேரம் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

போன தை மாதத்தில் சித்தன்னவாசல் வரை போய்வருவது என்று முடிவு செய்தோம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். விடிவதற்குள் கிளம்பினோம். இருபுறமும் தைலமரக் காடு, நடுவே மொட்டைப் பாறைகள், குளிர்ந்த காற்று. வழியில் ஒரு சின்ன ஏற்றம். பாதி ஏறும்போது என் காலுக்குக் கீழே பெடல் சட்டென்று இலேசாகிவிட்டது. மிதித்தால் வெறுமனே சுற்றியது. இடப்பக்கச் செயின் கழன்றுவிட்டது. வண்டி நின்று சரியப்போகிறது என்று பிரேக்கில் கை வைத்தேன்.

வண்டி நிற்கவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது.

பின்சக்கரத்துக்குப் போகும் செயின் பின்னிருப்பவரின் பெடலிலிருந்துதான் போகிறது. இடப்பக்கச் செயின் போனால் முன்னிருப்பவரின் மிதி வீண். பின்னிருப்பவரின் மிதி மட்டுமே வண்டியை ஓட்டும். எனக்கு இது புத்தியில் தெரியும். அந்த ஏற்றத்தில்தான் உடம்புக்குத் தெரிந்தது. அவருக்கு எதுவும் தெரியாது. வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறது, ஏற்றம் போலும் என்று நினைத்து இன்னும் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு என் முதுகில் கேட்டது. அந்த நூறடி தூரம் நான் மூட்டை. அவர் என்னைச் சுமந்துகொண்டு போனார்.

உச்சியில் நிறுத்தினேன். "ஏன் நிறுத்தறே? நல்லாத்தானே போகுது" என்றார். செயினைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாலையோரம் உட்கார்ந்து அவரே கையில் கரி அப்பிக்கொண்டு அதை மாட்டினார். நேரே பார்க்க வேண்டிய வேலை. அந்தப் பார்வை அவரிடம் நன்றாகவே இருக்கிறது.

சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் வரைந்திருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட ஓவியம். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். நிறைய அழிந்துவிட்டது. எனக்கு ஒரே பார்வையில் முழுக் குளமும் தெரிந்தது. அவர் தலையை மெல்ல மெல்லத் திருப்பி, ஒரு தாமரை, அடுத்த தாமரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் பார்க்காமல் விட்ட ஒரு மீனை அவர்தான் எனக்குக் காட்டினார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான், அம்மா. கேரியரில் உட்கார்ந்தால் நீங்கள் சுமை. டாண்டமில் உங்கள் காலிலிருந்துதான் வண்டிக்கு உயிர் வருகிறது; பல்லும் செயினும் அப்படித்தான் கோத்திருக்கின்றன. வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். சரிப்படாவிட்டால் வாங்கிய விலைக்குக் கொஞ்சம் குறைத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். விலை குறைந்த வண்டியில் தொடங்குவதன் நன்மை அது. சரிப்பட்டால் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். சித்தன்னவாசலுக்கு நான்கு பேரும் சேர்ந்து போகலாம்.

அன்புடன்,
புதுக்கோட்டையிலிருந்து உங்கள் தோழி

பி.கு.: கடிதத்தை வாசித்துக் காட்டியபோது என் வீட்டுக்காரர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். "போலாமா" என்று கேட்டதும் உடனே "போலாம்" என்று சொல்லிவிட வேண்டாமாம். முதலில் காலைப் பெடலில் சரியாக வைத்துக்கொள்ளுங்கள், அவர் காத்திருப்பார் என்கிறார்.